பட்டறையில் பிறந்த பந்தயக் கார்!

ஒரு கார் செய்ய என்ன வேண்டும்?

"பெரிய தொழிற்சாலை வேண்டும், கோடிக்கணக்கில் பணம் வேண்டும், ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும்" என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஆனால் சிறு பட்டறையில், கைக்குக் கிடைத்த சாமான்களைக் கொண்டே கார் செய்து ஓட்டிக் காட்டியவர்கள் உண்டு. அதுவும் சாதாரணக் கார் அல்ல. சீறிப் பாயும் பந்தயக் கார்!

அப்படி ஒரு காரை உருவாக்கி, இந்திய மோட்டார் பந்தயத்தின் போக்கையே மாற்றியவர் ஒரு கோவைக்காரர். அவர் செய்தது என்ன? எப்படிச் செய்தார்? நம் பிள்ளைகள் அப்படிச் செய்ய முடியுமா?

லாரியில் போகும் கார்

சென்னையை அடுத்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது வேலப்பன்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். இப்போது அந்தச் சாலைக்கே இளைப்பாற நேரம் இல்லை. இரவும் பகலும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

இந்தச் சாலையில் மேற்கே போனால் பூந்தமல்லி வரும். அதையும் தாண்டிப் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பாக இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் இருக்கிறது, 1990-ம் ஆண்டில் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயப் பாதை. அதன் நீளம் சுமார் 3.7 கிலோ மீட்டர். அதில் 12 வளைவுகள்!

பந்தயத்தில் ஓடும் தனி இருக்கைக் கார்கள் சாலையில் ஓடி அங்கே போவதில்லை. லாரியில் ஏறித்தான் போகும்.

மின்னலாய்ப் பறக்கும் கார், லாரியில் ஏன் போக வேண்டும்? காரணம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

நாயுடு செய்த கார்

தமிழ்நாட்டில், சொந்த முயற்சியால் கார் செய்தவர் என்றதும் நினைவுக்கு வருபவர் ஜி.டி.நாயுடு.

கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டில் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அதன் மீது ஆசை பிறந்தது. கோவையில் ஓட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்! மறுபடியும் பூட்டினார். கழற்றிப் பூட்டியே எஞ்சினைக் கற்றார். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு மின்சார மோட்டார், சவரக் கருவி என்று பல சாதனங்களைச் செய்தார். 1952-ம் ஆண்டில், இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான்!

ஆனால் அந்தக் கார் வீடு தேடி வரவில்லை. உற்பத்தி செய்வதற்கு அரசாங்க அனுமதி கிடைக்காததால், முயற்சி அத்துடன் நின்றது.

கார் செய்வது ஒரு வேலை. அந்தக் கார் ஓடுவதற்கு இடம் தேடுவது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கடினம் என்பதை நாயுடுவின் அனுபவம் காட்டியது.

லண்டன் கொட்டகை

கடல் கடந்தும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

காலின் சாப்மன் என்பவர் லண்டனில் என்ஜினீயரிங் படித்த மாணவர். 1948-ம் ஆண்டில், பழைய ஆஸ்டின் கார் ஒன்றை எடுத்து, புதிய உடம்பு கட்டினார். பட்டறை எது தெரியுமா? அவர் காதலித்த பெண்ணின் வீட்டுக் கார் கொட்டகைதான்! (அந்தப் பெண்ணையே பிறகு மணந்துகொண்டார்.)

அந்தக் கொட்டகையில் பிறந்ததுதான் உலகப் புகழ் பெற்ற லோட்டஸ் கார். உலகின் மிகப் பெரிய கார் பந்தயமான பார்முலா ஒன் போட்டியில், கார் செய்பவர்களுக்கான பட்டத்தை லோட்டஸ் 7 முறை வென்றது.

சாப்மன் இன்னொன்றும் செய்தார். காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்றார். வாங்கியவர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிச் செய்தால் வரியும் மிச்சம்!

1996-ம் ஆண்டில் ரான் சாம்பியன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு புத்தகம் எழுதினார். பழைய போர்டு காரின் பாகங்களைக் கொண்டு, 250 பவுன் செலவில் கூட வீட்டிலேயே பந்தயக் கார் போன்ற காரைச் செய்யலாம் என்று அதில் விளக்கினார். அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பல நாடுகளில் கொட்டகைகள் பட்டறைகளாக மாறின.

சோழவரம் காட்டிய வழி

தமிழ்நாட்டில் கார் பந்தயத்துக்குத் தாய்வீடு சோழவரம். செங்குன்றத்தை அடுத்த அந்த ஊரில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல ஆண்டுகள் அங்கே பந்தயங்களை நடத்தியது. கூட்டம் அலை மோதியது.

பணக்காரர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று இங்கே கிடைத்த கார்களையே மாற்றி அமைத்து ஓட்டினார்கள்.

ஆகவே ஒரே பந்தயத்தில் யானையும் ஓடியது, பூனையும் ஓடியது! வென்றது ஓட்டியவரின் திறமையா, காரின் விலையா என்று சொல்ல முடியாத நிலை.

கரிவரதன் வந்தார்

இந்த நிலையை மாற்ற நினைத்தவர் எஸ்.கரிவரதன். 1954-ம் ஆண்டில் பிறந்தவர். கோவை லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

வசதியான குடும்பம். வெளிநாட்டுக் காரை வாங்கித் தாம் மட்டும் ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். சோழவரத்தில் பெயர் பெற்ற பந்தய வீரராகவும் அவர் விளங்கினார். ஆனால் அவர் மனம் அத்துடன் நிற்கவில்லை.

"எல்லோரும் ஓட்டக்கூடிய பந்தயக் கார் வேண்டும். அது இங்கேயே செய்ததாக இருக்க வேண்டும். பழுது பார்க்கும் சாமான்கள் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்க வேண்டும்." இதுதான் அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கணக்கு.

விடை தெருவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் மாருதி 800!

1983-ம் ஆண்டில் வந்த அந்தச் சிறு காரின் எஞ்சினை எடுத்துக்கொண்டார் கரிவரதன். அதைக் கொண்டு, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். 1988-ம் ஆண்டில் அது வந்தது. பெயர்: பார்முலா மாருதி.

தாழ்ந்த உடம்பு, திறந்த சக்கரங்கள், நடுவில் ஒரே ஓர் இருக்கை. பார்ப்பதற்கு வெளிநாட்டுப் பந்தயக் காரைப் போலவே இருந்தது. உள்ளே துடித்ததோ நம் தெருக்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் சென்ற காரின் எஞ்சின்!

எஞ்சின் இடம் மாறியது

மாருதி 800 எஞ்சின் சிறியது. 3 சிலிண்டர், 796 சி.சி. தொடக்கக் கால எஞ்சினின் சக்தி 40 குதிரை சக்திக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு பந்தயமா?

அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, எடையைக் குறைப்பது. ஒரே மாடு, ஆனால் பாரம் ஏற்றிய வண்டியை இழுப்பதற்கும், வெறும் வண்டியை இழுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? கூரை இல்லை, கதவு இல்லை, பின் இருக்கை இல்லை. எடை குறையக் குறைய, அதே எஞ்சின் புலியாகப் பாயும். லண்டனில் சாப்மன் கையாண்ட வழியும் இதுதான்.

இரண்டாவது வழி, எஞ்சினின் இடத்தை மாற்றுவது. மாருதியில் எஞ்சின், கியர் பெட்டி இரண்டும் ஒன்றாக இணைந்து, முன் சக்கரங்களை ஓட்டுகின்றன. அந்த முழுத் தொகுதியையும் அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆகும்? அதே தொகுதி பின் சக்கரங்களை ஓட்டும்! எடையும் காரின் நடுப்பகுதிக்கு வந்துவிடும். வளைவில் திரும்பும்போது கார் சொன்னபடி கேட்கும்.

முக்கோணத்தின் பலம்

பட்டறையில் ஒரு பந்தயக் காரை எப்படிக் கட்டுகிறார்கள்?

முதலில் எலும்புக்கூடு. சமமான மேஜை அல்லது பலகை மீது சுண்ணாம்புக் கோட்டால் படம் வரைகிறார்கள். கோட்டின் மேல் இரும்புக் குழாய்களை வெட்டி அடுக்குகிறார்கள். ஒவ்வொரு மூட்டிலும் சிறு பொட்டாக வெல்டிங் வைக்கிறார்கள். அளவுகளைச் சரி பார்த்த பிறகே முழுவதும் பற்ற வைக்கிறார்கள். ஒரே பக்கமாகப் பற்ற வைத்தால், சூட்டில் குழாய் கோணிக்கொள்ளும்.

குழாய்களைச் சதுரமாக மட்டும் இணைத்தால் போதாது. நான்கு மூங்கில்களைச் சதுரமாகக் கட்டித் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டித் தள்ளுங்கள், அசையாது. ஏன்? சதுரம் இரண்டு முக்கோணங்களாக ஆகிவிட்டது! பந்தயக் காரின் எலும்புக்கூடு முழுவதும் இப்படிப்பட்ட முக்கோணங்கள்தான்.

அடுத்தது சக்கரங்களைத் தாங்கும் கைகள், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர். பிறகு ஸ்டியரிங். அதன் பிறகு எஞ்சின்.

மேல் உடம்பு பைபர் கிளாஸ். முதலில் ஓர் உருவம் செய்து, அதிலிருந்து அச்சு எடுக்கிறார்கள். அச்சின் உள்ளே மெழுகு தடவி, கண்ணாடி நாரையும் பிசினையும் அடுக்கடுக்காகப் படிய வைக்கிறார்கள். காய்ந்த பிறகு கழற்றினால் உடம்பு தயார். இடித்து உடைந்தாலும், அதே அச்சில் இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பிரேக்!

கார் செய்யும் இளைஞர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான்.

அனுபவசாலிகள் கேட்பது வேறு. "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?"

வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் போட்டு நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்கு ஆகும். 40 கிலோ மீட்டர் வேகத்தில் 10 மீட்டரில் நிற்கும் கார், 80 கிலோ மீட்டர் வேகத்தில் 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆகவே எஞ்சின் ஓடாவிட்டால் நஷ்டம் ஒரு நாள்தான். பிரேக் பிடிக்காவிட்டால் நஷ்டம் ஓர் உயிர்!

அதனால்தான் பந்தயக் காரில் ஓட்டுநரின் தலைக்கு மேலே கனமான வளைவுக் குழாய் வைக்கிறார்கள். கார் உருண்டாலும் தலை தப்பும். உடம்பை இருக்கையோடு சேர்த்துக் கட்டும் பட்டைகள், தீயணைக்கும் கருவி, மின்சாரத்தை ஒரே தட்டில் நிறுத்தும் சுவிட்சு ஆகியவையும் உண்டு. பந்தயத்துக்கு முன்பு அதிகாரிகள் ஒவ்வொரு காரையும் சோதிப்பார்கள். தேறாத கார் பாதைக்குள் நுழைய முடியாது.

பட்டறையிலும் ஆபத்து உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கி வேண்டும். பெட்ரோல் டாங்கி இருக்கும் இடத்தில் வெல்டிங் கூடாது; காலி டாங்கியும் வெடிக்கும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் நெருப்பைப் பார்க்கக் கூடாது. பைபர் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

சாலையில் ஓட்டலாமா?

சரி, கார் செய்தாகிவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வரலாமா?

கூடாது!

இந்தியாவில் பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. புதிய மாதிரி வண்டியைப் பதிவு செய்ய வேண்டுமானால், அரசு ஒப்புக்கொண்ட சோதனை நிலையத்தில் அது தேற வேண்டும். சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. இந்தச் சோதனைகள் தொழிற்சாலைகளுக்காக ஏற்பட்டவை. ஒரே ஒரு காரைச் செய்யும் தனி ஆளுக்கு எட்டுவது அரிது.

பழைய காரை மாற்றி அமைத்து ஓட்டினால்? அதுவும் தவறு. கம்பெனி செய்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2019-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மீறுபவருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்தே விதிக்கலாம்.

பந்தயக் கார் லாரியில் போவது இதனால்தான். அது ஓட வேண்டிய இடம் பந்தயப் பாதை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், மோர்க்காரம்மாவும், சைக்கிள்காரரும் போகும் சாலை அல்ல.

கரிவரதன் கண்ட வழியின் அருமை இங்கேதான் தெரிகிறது. நாயுடுவின் காருக்கு அனுமதி கிடைக்கவில்லை, அது நின்றுபோனது. கரிவரதனின் காருக்கு ஓட இடம் இருந்தது, அது வளர்ந்தது.

உலகப் பந்தயத்தில் தமிழ்நாட்டு வீரர்

பார்முலா மாருதிப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே வகைக் கார். ஆகவே விலை பேசவில்லை, திறமை பேசியது.

அந்தக் காரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பாதையில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார், ஒரு கோவை இளைஞர். முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருவராக வந்தார். அவர்தான் கரிவரதனின் உறவினரான நரேன் கார்த்திகேயன்.

2005-ம் ஆண்டில் அவர் ஜோர்டான் அணியில் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே!

அதைக் காணக் கரிவரதனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ம் ஆண்டில் நடந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது வயது 41.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ம் ஆண்டில் திறக்கப்பட்ட பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். "கரி மோட்டார் ஸ்பீட்வே" என்பது அதன் பெயர்.

பக்கத்திலேயே எல்லாம்!

வேலப்பன்சாவடியைச் சுற்றியுள்ள ஊர்களை நினைத்துப் பாருங்கள்.

எலும்புக்கூட்டுக்குக் குழாய் வேண்டுமா? ஆவடியில் 1955-ம் ஆண்டிலேயே இரும்புக் குழாய் ஆலை வந்துவிட்டது. பிரேக், சக்கரம், ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்குப் பாடியில் ஆலைகள் எழுந்தன. லேத், வெல்டிங், முலாம் பூசும் வேலைகளுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறைகள். பழைய வண்டிச் சாமானுக்குப் புதுப்பேட்டை.

இருங்காட்டுக்கோட்டையிலேயே, பந்தயப் பாதைக்கு அருகே ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. 1998-ம் ஆண்டில் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது.

சாமான் இருக்கிறது. வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. ஆகவே இந்தப் பகுதி இளைஞருக்குக் குறையாக இருப்பது இரண்டுதான்: சொல்லிக் கொடுக்க ஒருவர், ஓட்டிப் பார்க்க ஓர் இடம்.

மாணவர் செய்யும் கார்

அந்தக் குறையையும் தீர்க்க ஒரு வழி உண்டு.

என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் தாங்களே பந்தயக் கார் செய்து கலந்துகொள்ளும் போட்டிகள் நடக்கின்றன. "பார்முலா பாரத்" அவற்றில் ஒன்று. கோவையில் கரிவரதன் பெயர் தாங்கிய அதே பாதையில் அது நடந்து வருகிறது. பெட்ரோல் கார் மட்டும் அல்ல. மின்சாரக் காருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

இந்த வகைப் போட்டியில் வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. எப்படித் திட்டமிட்டார்கள், எவ்வளவு செலவு செய்தார்கள் என்றும் கேட்பார்கள். ஓட்டுபவர் 5 விநாடிக்குள் காரை விட்டு வெளியேறிக் காட்ட வேண்டும். காரைச் சாய்த்துப் பிடித்து, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடும்போது பிரேக் போட்டால், நான்கு சக்கரங்களும் சுழலாமல் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். இவற்றில் தேறிய பிறகுதான் ஓட்டம்!

கல்லூரியில் சேர வயது ஆகவில்லையா? கல்லூரிக்கே போக வசதி இல்லையா? அதற்கும் வழி இருக்கிறது. ஓடாத பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றை வாங்குங்கள். மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். கழற்றிய திருகாணிகளை வரிசையாகத் தாம்பாளத்தில் வைத்து, எது எங்கே இருந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு பூட்டுங்கள்.

ஒரு திருகாணி மிஞ்சினால் மறுபடியும் கழற்றுங்கள். ஜி.டி.நாயுடு கற்றதும் இப்படித்தான்!